கறுத்த இலையை எவ்வளவு நம்பலாம்? மதுரோ சுருட்டைச் சுவைத்து எடைபோடுவது பற்றி

நண்பர் ஒருவர் மூன்று சுருட்டுகளை என் முன் வைத்தார். மூன்றிலும் பெயர்ப்பட்டையைக் கழற்றிவிட்டு, எண் எழுதிய வெள்ளைத் தாளைச் சுற்றியிருந்தார். மூன்றுமே கறுத்த இலை சுற்றிய மதுரோ, மூன்றுமே சிறு தயாரிப்பாளர்களுடையவை என்றார். அதற்கு மேல் ஒரு தகவலும் இல்லை. மூன்று மாலைகளில் மூன்றையும் பிடித்து மதிப்பெண் போட்டேன். முதலாவதற்கு 92, இரண்டாவதற்கு 86, மூன்றாவதற்கு 90. குறிப்பேட்டில் முதலாவதைப் பற்றி ‘கொக்கோ, உலர்திராட்சை, கடைசிவரை மென்மை’ என்றும், இரண்டாவதைப் பற்றி ‘ஈரமண், அடிநாக்கில் கசப்பு, இருமுறை அணைந்தது’ என்றும் எழுதியிருந்தேன். அப்புறம்தான் அவர் விஷயத்தைச் சொன்னார்: ஒன்றும் இரண்டும் ஒரே பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தவை. இரண்டாவதை மட்டும் ஒரு மாதம் ஈரப்பதம் கூடிய வேறொரு பெட்டியில் போட்டு வைத்திருந்தாராம்.

அன்றிலிருந்து மதுரோவுக்கு மதிப்பெண் போடுவதென்றால் எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். மற்ற சுருட்டுகளைவிட இதில் ஏமாறுவது சுலபம். பற்ற வைப்பதற்கு முன்பே நிறம் பாதித் தீர்ப்பை எழுதிவிடுகிறது. மிச்சத்தில் ஒரு பங்கை, சிறு தயாரிப்பாளரைக் குறிக்கும் ‘பூட்டிக்’ என்ற சொல் எழுதிவிடுகிறது. இவை இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு வாயில் இருப்பதை மட்டும் எடைபோட வேண்டுமென்றால், முதலில் அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

மதுரோ என்றால் ஸ்பானிய மொழியில் பழுத்தது, கனிந்தது என்று பொருள். சுருட்டின் நிற வரிசை வெளிர்பழுப்பான கிளாரோவில் தொடங்கி, செம்பழுப்பான கொலராடோவைத் தாண்டி மதுரோவுக்கு வருகிறது. அதற்கும் அப்பால், கிட்டத்தட்டக் கரி நிறத்தில் ஆஸ்குரோ. ஆகவே மதுரோ என்று ஒரு செடி கிடையாது. இலையைப் பாடம் போடும் விதத்தில் வருவது அந்த நிறம்.

அறுவடையான இலை கொட்டகையில் தொங்கிக் காய்ந்தபின், ஈரம் காட்டி, அடுக்கடுக்காகப் போர் போடுகிறார்கள். பிலோன் என்பது அந்தப் போருக்கு ஸ்பானியப் பெயர். பெரிய போரில் ஆயிரக்கணக்கான கிலோ இலை இருக்கும். இலையின் ஈரமும் மேலிருந்து அழுத்தும் எடையும் சேர, போரின் நடுவில் தானாகச் சூடு ஏறும். நடுவே செருகிய வெப்பமானி குறித்த அளவை எட்டியதும் போரைப் பிரித்து, இலையை உதறி, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி மறுபடி அடுக்குவார்கள். சுருட்டின் வெளிப்புறத்தைச் சுற்றும் இலைதான் மேல் இலை. சாதாரண மேல் இலை என்றால் 45 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே சூட்டை நிறுத்திவிடுவது வழக்கம். மதுரோவுக்கு 60 டிகிரியைத் தொடவும் விடுவதுண்டு. காலமும் கூடுதல்: பல மாதங்கள், சில சமயம் ஆண்டுக்கணக்கு. போரைப் பிரிக்கும்போது அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். இலைக்குள் புரதங்கள் உடைவதன் அடையாளம் அது. கூடவே நிக்கோட்டினில் ஒரு பங்கு குறைகிறது, பாலிஃபினால்கள் என்ற இலைச் சேர்மங்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து கறுக்கின்றன, தொண்டையைப் பிடிக்கும் கரகரப்பு தணிகிறது. இந்த வேலை முடியாமல் அவசரமாகச் சுற்றிய சுருட்டை மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். முதல் இழுப்பில் அம்மோனியா ஏறினால் அந்தப் பெட்டியைச் சில மாதங்கள் மறந்துவிடுவதுதான் நல்லது.

இங்கே ஒரு பேச்சைத் திருத்தியாக வேண்டும். நீண்ட பாடத்தில் இலையின் சர்க்கரை மேலே வந்துவிடுகிறது, அதனால்தான் மதுரோ இனிக்கிறது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காற்றில் மெதுவாகக் காய வைக்கும் சுருட்டுப் புகையிலையில் சர்க்கரை மிகக் குறைவு. காயும் வாரங்களிலேயே இலை தன்னிடம் இருந்ததைப் பெரும்பாலும் செலவழித்துவிடுகிறது. சூட்டுக் கொட்டகையில் சில நாட்களில் உலர்த்தும் சிகரெட் புகையிலையில்தான் சர்க்கரை நிறையத் தங்கும். மதுரோவில் நாம் இனிப்பு என்று சொல்வது பெரும்பாலும் மணம். கொக்கோ, காபி, உலர்பழம், கருகத் தொடங்கிய சர்க்கரைப் பாகு போன்றவற்றை நினைவூட்டும் மணம். கசப்பும் காரமும் குறைந்திருப்பதால் அது இன்னும் எடுப்பாகத் தெரிகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள், அந்த இனிப்பு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும். பற்ற வைக்கும் முன்பே உதட்டில் நிஜமாகவே தித்திப்புத் தட்டினால் தலைப்பகுதியில் இனிப்பு தடவியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி வெளிப்படையாகவே விற்கும் வகைகளும் உண்டு, பிடித்தவர்களும் உண்டு. ஆனால் அந்த இனிப்பை இலையின் கணக்கில் எழுதக் கூடாது.

மதுரோ பாடத்தின் சூட்டைத் தாங்க இலை தடிமனாக இருக்க வேண்டும். துணிப்பந்தல் நிழலில் வளரும் கனெக்டிகட் ஷேடு போன்ற மெல்லிய இலை அதற்குள் கந்தலாகிவிடும். மதுரோக்காரர்களின் செல்லம் கனெக்டிகட் பிராட்லீஃப். அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் முழு வெயிலில் வளர்வது. மற்ற மேல் இலைகளைப் பெரும்பாலும் கீழிருந்து மேலாக, இலை இலையாகப் பறிப்பார்கள். பிராட்லீஃபை அடியோடு வெட்டி, தண்டோடு தலைகீழாகக் கொட்டகையில் தொங்கவிடுகிறார்கள். கைக்கு வரும்போது தடித்து, நரம்பெடுத்து, எண்ணெய்ப் பளபளப்போடு, பார்க்கக் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். நரம்பு புடைத்திருக்கிறது, நிறம் திட்டுத்திட்டாக இருக்கிறது என்று தோற்றத்தில் மதிப்பெண் குறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிராட்லீஃபிடம் போய்ப் பட்டுத்துணியை எதிர்பார்த்தால் தப்பு நம்முடையது.

அடுத்து மெக்சிகோவின் வெராகுரூஸ் மாநிலத்து சான் அந்த்ரேஸ் இலை. பிராட்லீஃப் வட்டமான, கனத்த இனிப்பு மணம் தருமென்றால், இது மண்வாசம், மிளகு, கசப்புச் சாக்லேட் பக்கம் சாயும். பிரேசிலின் பாஹியாவிலிருந்து வரும் மாட்டா ஃபினாவும், அலகோவாஸ் மாநிலத்து அராபிராக்காவும் மதுரோவாகப் பயன்படுகின்றன. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் ஆமிஷ் என்ற கிறித்தவச் சமூகத்துக் குடும்பங்கள் பயிரிடும் பிராட்லீஃப் கனெக்டிகட் இலையைவிடவும் முரடு. பெட்டியில் மதுரோ என்று மட்டும் போட்டு எந்த இலை என்று சொல்லாத தயாரிப்பாளர்மீது எனக்குச் சின்னச் சந்தேகம் வரும். சொல்லியே ஆக வேண்டுமென்று சட்டம் இல்லை. ஆனால் நல்ல இலையை வாங்கியவர் அதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்.

ஏனென்றால் கறுப்புக்குக் குறுக்கு வழிகளும் இருக்கின்றன. இலையை நீராவியில் வேக வைத்துச் சில நாட்களில் கறுக்கச் செய்யலாம். சாயம் ஏற்றலாம். இப்படி வந்த கறுப்பு ஒரே சீராக, ஷூ பாலிஷ் போட்டதுபோல இருக்கும். போரில் கறுத்த இலையில் பழுப்பும் கறுப்பும் திட்டாக ஓடும். ஈரமான வெள்ளைத் தாளால் துடைத்துப் பார்க்கும் சோதனையைப் பலரும் சொல்வார்கள். எண்ணெய் மிகுந்த நல்ல இலையும் லேசான பழுப்புக் கறையை விடும், அதற்காகப் பதற வேண்டாம். மை கொட்டியதுபோலத் தாள் கறுத்தால் யோசிக்கலாம். வேக வைத்த இலைக்கு இன்னொரு அடையாளம், சுவை முதல் அங்குலத்தோடு நின்றுவிடும். அப்புறம் வருவது வெறும் சூடான புகை.

சரி, பூட்டிக்? இந்தச் சொல்லுக்குச் சட்டப்படியோ தொழில்படியோ வரையறை இல்லை. குறைந்த அளவில் தயாரிப்பவர், குடும்பமோ தனி ஆளோ நடத்தும் நிறுவனம், விளம்பரத்தைவிடக் கலவைக்குப் பெயர் பெற்றவர் என்று உத்தேசமாகப் புரிந்துகொள்ளலாம். இதில் பலருக்குச் சொந்த ஆலையே கிடையாது. பீட் ஜான்சன் 2003-இல் தொடங்கிய டாட்டுவாஹே, பெபின் கார்சியா குடும்பத்தின் ஆலையில் சுற்றப்பட்டுத்தான் பெயர் வாங்கியது. மறுபக்கம், ட்ரூ எஸ்டேட்டின் லிகா பிரிவாடா நம்பர் 9. பிராட்லீஃப் மதுரோ என்றாலே பலரும் முதலில் சொல்லும் பெயர், தேடி அலைந்து வாங்கிய சுருட்டு. 2014-இல் அந்த நிறுவனத்தை ஸ்விஷர் என்ற பெரிய நிறுவனம் வாங்கியது. மறுநாள் காலையில் அந்தச் சுருட்டு பூட்டிக் இல்லாமல் போய்விட்டதா? இலை அதே இலை, ஆலை அதே ஆலை. பூட்டிக் என்பது உரிமையாளரைப் பற்றிய தகவல், சுவையைப் பற்றியது அல்ல என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இருந்தாலும் சிறு தயாரிப்பில் சுவைப்பவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பெரிய ஆலைகளிடம் பல வருட இலை இருப்பு இருக்கும். ஓர் ஆண்டு விளைச்சல் சரியில்லை என்றால் முந்தைய ஆண்டுகளின் இலையைக் கலந்து சமாளிப்பார்கள். சிறியவருக்கு அந்த வசதி குறைவு. நல்ல வருடத்தில் பிரமாதமாக வரும் அதே கலவை அடுத்த தொகுப்பில் தடுமாறலாம். ஆகவே ஒரு சுருட்டைப் பிடித்துவிட்டு ஒரு பெயரைத் தூக்குவதும் போடுவதும் சரியல்ல. குறைந்தது மூன்று, முடிந்தால் வெவ்வேறு தொகுப்புகளிலிருந்து. பெட்டியின் அடியில் தேதி முத்திரை இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி சுவைப்பதற்கு வருவோம். முதல் வேலை காத்திருப்பது. பயணப்பட்டு வந்த சுருட்டுக்கு இரண்டு மூன்று வாரமாவது ஓய்வு வேண்டும். ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம், வெப்பம் 18 முதல் 21 டிகிரி என்பது பொதுவான அளவு. அறை 25 டிகிரியைத் தாண்டித் தங்கினால் புகையிலை வண்டு முட்டை பொரித்துச் சுருட்டில் துளை போடத் தொடங்கும். தடித்த மதுரோ இலை ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் என்பதால் 62, 65 என்று குறைத்து வைப்பவர்கள் நிறைய. நானும் அந்தக் கட்சி. என் 86 மதிப்பெண் கதைக்கும் காரணம் இதுதான்: ஈரம் கூடினால் தடித்த மேல் இலை பின்தங்கி எரியும், உள்ளே இருப்பது முன்னே ஓடும், கங்கு குகைபோலக் குடையும், நாம் அணையாமல் இருக்க வேகமாக இழுப்போம், சூடு ஏறும், கசக்கும். பழி மட்டும் கலவைமேல் விழும்.

அளவும் முக்கியம். சுருட்டின் பருமனை ஓர் அங்குலத்தில் 64-இல் எத்தனை பங்கு என்று கணக்கிடுகிறார்கள்: 52 என்றால் 52/64 அங்குலம் விட்டம். பருமன் கூடக் கூட உள் இலையின் பங்கு கூடும், மேல் இலையின் பங்கு குறையும். மதுரோ இலையைப் புரிந்துகொள்ளத்தான் பிடிக்கிறீர்கள் என்றால் 60 பருமனில் போய் உட்காராதீர்கள். கொரோனா (42 பருமன்), லான்செரோ (38 பருமன்) போன்ற மெல்லிய சுருட்டுகள் கிடைத்தால் அதில்தான் இலை வாய்விட்டுப் பேசும். இன்னொரு நல்ல பயிற்சி, ஒரே தொடரை இரண்டு மேல் இலைகளில் ஒப்பிடுவது. 1994-இல் வந்த பத்ரோன் 1964 ஆனிவர்சரி தொடர் சாதாரண இலையிலும் மதுரோவிலும் கிடைக்கிறது. பத்ரோனைப் பூட்டிக் என்று சொல்ல முடியுமா என்பது வேறு வழக்கு. ஆனால் மேல் இலை எவ்வளவு பேசுகிறது என்று கற்றுக்கொள்ள இதைவிட நேரடியான வழி எனக்குத் தெரியவில்லை.

பற்ற வைக்கும் முன் விரலால் தலை முதல் அடி வரை மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஓரிடத்தில் கல்போல, ஓரிடத்தில் பொசுக்கென்று இருந்தால் உள் இலை சீராக அடுக்கப்படவில்லை. மேற்பரப்பில் மணல் தூவியதுபோலச் சொரசொரப்புத் தெரிகிறதா? அவை இலையின் எண்ணெய்ச் சுரப்பிகள். பின்னால் சாம்பலில் வெள்ளைப் புள்ளிகளாக மறுபடி தெரியும். தலையை வெட்டியபின் பற்ற வைக்காமல் ஒரு இழுப்பு. காற்று தடையின்றி, ஆனால் கொஞ்சம் எதிர்ப்போடு வர வேண்டும். இதிலேயே மதுரோவின் முதல் மணங்கள் கிடைத்துவிடும். நான் மதுரோவுக்குச் சிறு துளை போடும் வெட்டியைத் தவிர்க்கிறேன், எண்ணெய்ப் பசை அந்தத் துளையில் சேர்ந்து நாக்கில் கசப்பாகப் படுகிறது. நேர் வெட்டு போதும்.

பற்ற வைக்கும்போது தீ இலையைத் தொடாமல், அடிப்பக்கத்தைச் சுற்றிலும் வாட்ட வேண்டும். தடித்த இலைக்கு இதில் பொறுமை கூடுதலாக வேண்டும். முதல் அரை அங்குலத்துக்கு மதிப்பெண்ணே போடாதீர்கள். அப்புறம் நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. அதற்கு மேல் வேகம் வேண்டாம். சூடான மதுரோ ருசிக்காது, கருகும்.

புகையை நுரையீரலுக்கு விடாமல் வாயில் உருட்டி, அதில் ஒரு சிறு பங்கை மட்டும் மூக்கு வழியாக விடுவதுதான் சுவைப்பதன் மையம். ஆரம்பத்தில் மிளகு நெடி ஏறிக் கண்ணில் தண்ணீர் வரும். பழகியபின் அங்கேதான் எல்லாம் தெரியும். வாயில் வெறும் ‘கொக்கோ’ என்று இருந்தது மூக்கில் வறுத்த கொட்டை, தோல், பழைய மரப்பெட்டி என்று பிரியும். குறிப்பு எழுதும்போது பெயர்களை அடுக்குவதைவிட மாற்றத்தை எழுதுவது பயன்படும். முதல் மூன்றில் ஒரு பங்கில் மிளகு முன்னே இருந்ததா, நடுவில் இனிப்பு மணம் மேலே வந்ததா, கடைசியில் கசப்பு எப்போது தலைகாட்டியது? இழுத்து முடித்தபின் அரை நிமிடம் கழித்து நாக்கில் என்ன மிஞ்சியிருக்கிறது? நல்ல மதுரோவில் அது சுத்தமாக இருக்கும். மட்டமானதில் கரி நக்கியதுபோல இருக்கும். இருபது மணங்களைப் பட்டியல் போடும் குறிப்புகளை நான் நம்புவதில்லை. மூன்று போதும், அவை எப்போது வந்தன என்பதோடு.

இங்கே மூன்று சொற்கள் அடிக்கடி குழம்புகின்றன: வீரியம், கனம், சுவை. வீரியம் என்பது நிக்கோட்டினின் வேலை. அது பெரும்பாலும் உள் இலையில், செடியின் உச்சியில் வெயிலை வாங்கிய லிஹேரோ இலையின் அளவைப் பொறுத்தது. கனம் என்பது புகை வாயில் எவ்வளவு அடர்த்தியாக நிற்கிறது என்பது. மதுரோவுக்குக் கனம் அதிகம், மணம் அதிகம். வீரியம் அதிகமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கறுப்பைக் கண்டு பயந்து ஒதுங்குகிறவர்களும், கறுப்பு வேண்டாமென்று போய் வெளிர்நிறச் சுருட்டில் தலைசுற்றி உட்காருகிறவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது என்பதால் வாயின் தோல் வழியாகவே நிக்கோட்டின் ரத்தத்தில் கலக்கும். உள்ளே இழுக்கவில்லையே என்ற சமாதானம் இந்த இடத்தில் செல்லாது. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களுக்கும் அப்படித்தான். பாடம் எவ்வளவு நீளமாகப் போட்டாலும் அந்த அபாயம் பாடம் ஆகிவிடாது.

எரிவதைத் தனியாகக் கணக்கில் வையுங்கள், ஆனால் கறாராக வேண்டாம். பொட்டாசியம் நன்றாக உள்ள இலை சீராக எரியும், குளோரைடு கூடினால் அணைந்து அணைந்து போகும். அது மண்ணும் உரமும் செய்யும் வேலை. தடித்த மதுரோ கொஞ்சம் அலையலையாக எரிவது சகஜம். ஒருமுறை தீயால் தொட்டுச் சரிசெய்தால் நேராகிவிடுகிறதா என்று பார்ப்பேன். நேரானால் மதிப்பெண் குறைப்பதில்லை. மூன்றாவது முறையும் தொட வேண்டியிருந்தால் குறைப்பேன். சாம்பல் வெள்ளையா சாம்பல் நிறமா என்பதற்கு நான் மதிப்பெண் போடுவதே இல்லை. அது வேடிக்கை பார்க்க.

மதிப்பெண் என்று வரும்போது பலரும் 100-க்கு எழுதுகிறார்கள். 1992-இல் தொடங்கிய சிகார் அஃபிசியனாடோ இதழ் பெயர்ப்பட்டையை மறைத்து, தோற்றமும் வேலைப்பாடும், சுவை, எரியும் தன்மை, மொத்த அபிப்பிராயம் என்று நான்கு பிரிவுகளில் மதிப்பிட்டு இந்த முறையைப் பரப்பியது. 90-ஐ எட்டினால் ‘மிகச் சிறந்தது’, 95-ஐ எட்டினால் ‘உன்னதம்’. படிக்க வசதி. ஆனால் என் கையால் ஒரே பெட்டிச் சுருட்டுக்கு ஆறு புள்ளி வித்தியாசம் விழுந்ததைப் பார்த்தபின், 91-க்கும் 92-க்கும் நடுவே ஏதோ இருக்கிறது என்று யாராவது சொன்னால் சிரிப்பு வருகிறது. இப்போதெல்லாம் எண்ணுக்குப் பக்கத்தில் ஈரப்பதம், எத்தனை நாள் ஓய்வு, அதற்கு முன் என்ன சாப்பிட்டேன், எத்தனையாவது சுருட்டு என்று நான்கு தகவல்களை எழுதி வைக்கிறேன். எண்ணை விட அவைதான் பின்னால் உதவுகின்றன.

90 வாங்கிய அந்த மூன்றாவது சுருட்டைப் பற்றி நண்பர் வாயைத் திறக்க ஆறு மாதம் ஆயிற்று. அது சிறு தயாரிப்பாளருடையதே இல்லை. பெரிய ஆலை ஒன்றின், ஆண்டு முழுக்கத் தடையில்லாமல் கிடைக்கும் சாதாரணச் சரக்கு. வேண்டுமென்றேதான் கலந்து வைத்திருக்கிறார். குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். ‘சிறு ஆலையின் கைப்பக்குவம் தெரிகிறது’ என்று எழுதியிருந்தேன், அடியில் ஒரு கோடும் போட்டு.